இரவல் வாய்

இரவு பதினோரு மணி. ஆள் அரவமே இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் காடு. ரோட்டின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“என்னக்கா, ராத்திரி பதினொரு மணிக்கு வெயிலா? எடுத்த எடுப்புலயே புளுகுறீங்களே!”

இது பெத்தம்மாள். பேய்க் கதை சொல்லு, சொல்லு என்று உயிரை வாங்கியவளும் இவள்தான். முதல் வரியிலேயே வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பவளும் இவள்தான். பக்கத்தில் அன்னம்மா, கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, ஊரடங்குக்குப் பயந்து, சிம்பாங் அம்பாட்டில் என் தையல் கடைக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள். ஏழு மணிக்கு மேல் வெளியே தலை காட்டினால் யார் எவர் என்று கேட்காமல் சுடுகிற காலம் இது, மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி. கடைப் பலகையெல்லாம் போட்டாகிவிட்டது. விளக்கையும் குறைத்துவிட்டேன். விடியும்வரை இவர்களுக்குப் போக வழியில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஸ்வீடன் என்று ஒரு தேசம் இருக்கிறது, பெத்தம்மா. இங்கிலாந்துக்கு மேலே, கடல் தாண்டி. கோடைகாலத்தில் அங்கே வடக்கே போகப் போக சூரியன் மறையவே மறையாது. நான் பார்த்ததில்லை. பார்த்தவன் என் கூட்டாளி ஜெயாவின் அண்ணன் கணேசமூர்த்தி. அவனோடு கூடப் போனவன் மலாக்கா டவுன் தம்புசாமி. தம்புசாமி பாதி சொன்னான், ஜெயா பாதி சொன்னாள். இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தது மட்டும்தான் என் வேலை. இனிமேல் குறுக்கே பேசினால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

கணேசமூர்த்தி அவ்வளவு தூரம் ஏன் போனான் தெரியுமா? ஊர் பார்க்கப் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். அது இல்லை. ராத்திரியே இல்லாத ஓர் இடம் அவனுக்குத் தேவைப்பட்டது.

ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பக்கம் உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். பேர் வேண்டாம், நாளைக்கு என்னைத் தேடி லாரி வரும். அங்கே ஆபிஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மகன் கணேசமூர்த்தி. இங்கிலீஷ் படித்தவன். ஆபிஸில் தற்காலிக வேலை. சீமைக்கு அனுப்பி வாத்தியார் படிப்புப் படிக்க வைக்கப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பேரும் போயிருந்தது. போலீஸ் அவனைப் பற்றி நல்லபடியாக ஒரு வார்த்தை எழுத வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். சோறு வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று. விடியற்காலை பால் மரம் சீவப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தி, வாளியைத் தட்டி, மடியைத் தடவி, கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். வெறும் வயிற்றோடு போய், வெறும் வயிற்றோடு மலையேறி, திரும்பி வந்துதான் பசியாற வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? அந்த கேட்டில் வெள்ளைக்கார ஆபிஸருக்குப் பக்கத்தில் நின்று தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்வது கணேசமூர்த்தியின் வேலை.

ஓர் அமாவாசை அன்று வேலாயி மாட்டிக்கொண்டாள்.

தலைத்துணிக்குள் வாழையிலைத் துண்டு. அதற்குள் ஒரு கைப்பிடி சோறு. அவ்வளவுதான். அவள் புருஷன் பெரியதம்பி அதற்கு முந்தின வருஷமே செத்துப்போனவர். அறுபதாம் நம்பர் மலையில் மரம் சீவிக்கொண்டிருந்தபோது பாம்பு கடித்தது. பசியாறக்கூட இல்லை, மரத்தடியிலேயே போய்விட்டார். இடுகாட்டில் புதைத்தார்கள். பிறகு வேலி வந்தது. ஆட்கள் குடியிருக்கும் லயம் உள்ளே, இடுகாடு வெளியே. பசியோடு போனவருக்கு அமாவாசைக்கு அமாவாசை ஒரு பிடி சோறு குழிமேல் வைப்பதை வேலாயி விடவில்லை. அன்றுவரை யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோயிருக்கிறாள்.

“யாருக்குச் சோறு?” என்று ஆபிஸர் கேட்டார். கணேசமூர்த்தி தமிழில் கேட்டான்.

“செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி. குழியில வைக்கணும். உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களும் எடுத்துப் போட வந்தீங்களே.”

அவனுக்குத் தெரியும். அந்த ஆளைப் புதைத்தபோது ஒரு கைப்பிடி மண் போட்டவன் அவன். ஆனால் முந்தின வாரம்தான் ஆபிஸர் அவனை முறைத்திருந்தார், ‘நீ என்ன, எல்லோருக்கும் பரிந்துகொண்டே வருகிறாய்?’ என்று. சீமைக் கப்பல் கண்ணெதிரே நின்றது. அவன் இங்கிலீஷில் இவ்வளவுதான் சொன்னான்: புருஷனுக்காம்.

“புருஷன் எங்கே?”

கணேசமூர்த்தி கையை நீட்டி வேலிக்கு வெளியே காட்டினான்.

செத்துப்போன என்ற சொல்லை அவன் விழுங்கிவிட்டான். நாலைந்து நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தானாம். ஜெயாவிடம் பிறகு அப்படித்தான் சொல்லி அழுதான். வேலாயியை லாரியில் ஏற்றினார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. தடுப்பு முகாம். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பெரியதம்பி செத்தது தெரியும். ஆனால் இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டபோது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வாயைத் திறந்தால் அடுத்த லாரி அவர்களுக்கு. வேலாயி மட்டும் லாரியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டு போனாள். திட்டவில்லை. சொல்லிவிடுவான், சொல்லிவிடுவான் என்று பார்த்தாள்.

அவன் சீமைக்குப் போனான்.

அங்கே முதல் குளிர்காலம். நாலு மணிக்கே இருட்டிவிடும். அறையில் இவனும் தம்புசாமியும். ஒரு ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒரு வாடை வந்தது... புளித்துப்போன பால் வாடை. பசும்பால் இல்லை, ரப்பர் பால். வாளியில் இரண்டு நாள் கிடந்து நாறுமே, அது. லிவர்பூல் பக்கத்தில், பனி கொட்டுகிற ஊரில், ரப்பர் பால் எங்கிருந்து வரும்? அடுத்து ஒரு சத்தம். கட்டிலுக்குக் கீழே. யாரோ எதையோ மெல்கிறார்கள். வாய்க்குள் எதுவும் இல்லாமல், வெறும் வாயை மெல்லுகிற சத்தம்... சப்... சப்... நிற்கும். மறுபடி சப்...

தம்புசாமிக்கு அது கேட்கவில்லை. வாடை மட்டும் லேசாக வந்ததாம். கணேசமூர்த்தி காலுறையைத் துவைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து விளக்கை அணைக்கவிட மாட்டான் கணேசமூர்த்தி. அணைத்தால் வந்துவிடும். வெளிச்சம் இருந்தால் வராது. அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல், அந்த முகத்தை இதுவரை பார்க்கவில்லை என்பது. பகலில் வகுப்பில் தூங்கி விழுவான். ஆபிஸருக்கு ஒரு வார்த்தை தெரிவித்தால் வேலாயி வெளியே வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். தினமும் நினைப்பான். சொன்னால் ‘அன்றைக்கு ஏன் மறைத்தாய்?’ என்பார்கள், பாதிப் படிப்பில் கப்பலேற்றிவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம். படிப்பு முடியட்டும். இப்படியே தள்ளிக்கொண்டு போனான்.

கோடை விடுமுறை வந்தது. கூடப் படிக்கிற அலோர் காஜா யூசோப் ஒரு பழைய ஆஸ்டின் காரை இரவல் வாங்கியிருந்தான். எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது யூசோப் சொன்னான், ஸ்வீடனில் வடக்கே போனால் ராத்திரியே கிடையாது என்று. தம்புசாமிக்குப் பாரிஸ் பார்க்க ஆசை. கணேசமூர்த்தி ஸ்வீடன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

“அங்க பேய்க்கெல்லாம் லீவுலா!” என்று யூசோப் சிரித்தானாம். அவனுக்கும் தமிழ் நன்றாக வரும்.

கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு கோத்தன்பர்க்கில் இறங்கினார்கள். நம் ஊர் மாதிரியே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டுமாம். கடல் மாதிரி ஏரி. சிவப்புச் சாயம் பூசிய மரவீடுகள். ஓர் ஊரில் பெரிய கம்பத்துக்கு இலையும் பூவும் சுற்றி நட்டு, ஆணும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார்கள். கணேசமூர்த்தியையும் இழுத்துவிட்டார்கள். ஆடினான்! கும்மி மாதிரித்தான் இருக்கிறது என்று சிரித்தான். ராத்திரி பத்து மணிக்குப் புல்லில் படுத்து, முகத்தில் வெயில் பட, குறட்டை விட்டுத் தூங்கினான். பல மாதமாகத் தூங்காதவன். தம்புசாமி அதைப் பார்த்து, இவனுக்கு வந்தது வீட்டு நினைப்புதான், வேறொன்றும் இல்லை என்று முடிவு கட்டினான்.

ஆனால் வடக்கே போகப் போகச் சிரிப்பு குறைந்தது. காடு. மணிக்கணக்காக ஒரே காடு. கொசு நம் ஊர்க் கொசுவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். யொக்மொக் என்கிற ஊருக்குப் போகிற வழியில், மண் ரோட்டில், டயர் வெடித்தது. மாற்று டயர் ஏற்கெனவே போய்விட்டது. யூசோப்பும் தம்புசாமியும் டயரை உருட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தார்கள். காரைப் பார்த்துக்கொள்ள கணேசமூர்த்தி தனியாக நின்றான்.

இரவு பதினோரு மணி. வெயில். இப்போது புரிகிறதா பெத்தம்மா, நான் ஆரம்பித்த இடம்?

அவனுக்குப் பயமே இல்லை. வெளிச்சம் இருக்கிறதே. காரின் முன்பக்கத்தில் பேப்பரை விரித்து, அவித்த உருளைக்கிழங்கையும் முட்டையையும் எடுத்து வைத்தான். யூசோப் டின்னில் கொண்டுவந்திருந்த சம்பல் பிளாச்சான் மிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். காதைச் சுற்றிக் கொசு ரீங்காரம்.

திடீரென்று கொசு நின்றது. ஒன்றுகூட இல்லை. காட்டில் இலைகூட அசையவில்லை.

பின்னால் ஒரு குரல். சாதாரணக் குரல்.

“பசியாறியாச்சா தம்பி?”

நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிற கேள்வி! யார் கேட்டாலும் என்ன பதில் சொல்வோம்? முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். பிறந்ததிலிருந்து ஊறிப்போனது. அவனும் வாய் நிறையக் கிழங்கோடு, தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டான்:

“இப்பதாண்ணே. வாங்க, பசியாறுங்க.”

சொல்லிவிட்டான்... கூப்பிட்டுவிட்டான். தானாகவே, தன் வாயாலேயே.

வாயிலிருந்த கிழங்கு அப்படியே நின்றது. இந்தக் காட்டில் தமிழ் பேசுவது யார்?

திரும்பினான். பெரியதம்பி நின்றார். பால் கறை பிடித்த காக்கி அரைக்கால் சட்டை. வெறுங்கால். நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கு, அந்த வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. பாம்பு கடித்த கெண்டைக்கால் கறுத்து வீங்கியிருந்தது. பேய்க்கு நிழல் கிடையாது என்பார்கள். அவருக்கு இருந்தது. சாய்ந்த வெயிலில் நீளமாக விழுந்து, கணேசமூர்த்தியின் நிழலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லையாம்.

இருட்டாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டாவது கிடந்திருப்பான். ராத்திரியே இல்லாத ஊருக்குத் தேடி வந்தவனுக்கு இப்போது அந்த முகத்தின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. அழைத்த வீட்டுக்கு வந்த மனுஷர் மாதிரி பக்கத்தில் வந்து நின்று சாப்பிட்டார். கிழங்கு, முட்டை, சம்பல், எல்லாம். சப்... சப்... அதே சத்தம். இந்தத் தடவை வாய்க்குள் இருந்தது.

கணேசமூர்த்திக்கு அழுகை வந்துவிட்டது. “மன்னிச்சிருங்கண்ணே. ஊருக்குப் போனதும் சொல்லிடறேன். மொத வேலையா அதைத்தான் செய்வேன்.”

பெரியதம்பி சாப்பிட்டு முடித்தார். கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு கணேசமூர்த்தியின் வாயைப் பார்த்தார். கண்ணை இல்லை, வாயை. நான் துணியைக் கையில் வாங்கியதும் எத்தனை கெஜம் தேறும் என்று பார்ப்பேனே, அப்படி.

அதற்கு மேல் அவனுக்கு நினைவில்லை.

டயரோடு திரும்பிய இரண்டு பேரும் பார்த்தது, காரின் பின் சீட்டில் கட்டை மாதிரி கிடந்த கணேசமூர்த்தியை. உடம்பு சில்லிட்டிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. யொக்மொக்கில் ஒரு விடுதியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தூங்குகிறான் என்றார். மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்ததாம். தம்புசாமி காதை வைத்துக் கேட்டான். இங்கிலீஷ். யாரிடமோ மரியாதையாக, திரும்பத் திரும்ப, ஒரே பேச்சு. ‘அவர் செத்துவிட்டார், ஐயா. அந்தச் சோறு செத்தவருக்கு. நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன், ஐயா.’

“அன்னைக்கு என்ன நாளுன்னு கேட்டியாக்கா?” இது அன்னம்மா. இவ்வளவு நேரம் வாயைத் திறக்காதவள்.

கேட்டேன். அமாவாசைக்கு மறுநாள்.

எழுந்ததும் கணேசமூர்த்திக்கு அப்படி ஒரு பசி. மீனை ஊறப்போட்டுத் தருவார்களாமே அங்கே, யூசோப் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதைக்கூட மூன்று தட்டுச் சாப்பிட்டான். மனசு லேசாகிவிட்டது என்றான். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டோமே, அதுவே சொன்ன மாதிரிதான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. திரும்பும் வழியில் ஸ்டாக்ஹோமில் அரண்மனை பார்த்தார்கள், படகில் போனார்கள், போட்டோ பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்து திரும்பி விளக்கை அணைத்துப் படுத்தான். வாடை இல்லை. சத்தம் இல்லை. ஆபிஸருக்குச் சொல்வதை, படிப்பு முடியட்டும் என்று மறுபடி தள்ளி வைத்தான்! எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் அவனைப் பிடித்து நாலு அறை அறையத் தோன்றும். பேய் வந்து கண்ணெதிரே நின்றும் புத்தி வராத மனுஷனை என்ன செய்வது?

படிப்பு முடிந்து ஊர் வந்தான். தோட்டத்து கேட்டுக்குள் கார் நுழைகிறது. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் ஊரே நிற்கிறது. தவில், நாயனம். ஆட்களை வேலை வாங்கும் இருளாண்டி மண்டோர் ரோஜா மாலையோடு ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் வேலாயி நிற்கிறாள்.

வேலாயி முகாமிலிருந்து வந்து பல மாதம் ஆகிவிட்டது.

“நம்ம கணேசு தம்பி சீமையில உக்காந்துக்கிட்டு நம்மள மறக்கல!” என்று மண்டோர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “பிளேன் ஏறி வந்து, முகாம் ஆபிஸர்கிட்ட நேரா போயி, தப்பு என்மேலதான்னு சொல்லி, இந்தப் பொம்பளைய மீட்டுக் குடுத்துட்டு, சொந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணிகூட குடிக்காம திரும்பிப் போன புள்ள! இந்தக் காலத்துல யாரு செய்வா?”

கணேசமூர்த்தி காரைவிட்டு இறங்கினான். நான் வரவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அப்பா கண்ணீரோடு நிற்கிறார். ஜனம் கையெடுத்துக் கும்பிடுகிறது. கழுத்தில் மாலை விழுந்தது.

குனிந்து வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் வேலாயி சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே ஜெயாவும் அவனும் மட்டும்தான். வேலாயி உட்காரவில்லை.

“ஆனி மாசம் அமாவாசைக்கு மறுநாள் தம்பி. நீங்க ஆபிஸர் முன்னால நின்னு இங்கிலீசுல பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உங்க முகம்தான். உங்க சட்டைதான். பேசி முடிச்சு கம்பிகிட்ட வந்து ஒண்ணு கேட்டீங்க... ‘பசியாறிட்டியா புள்ள’ன்னு.”

கணேசமூர்த்தி ஜெயாவைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னைப் புள்ளன்னு கூப்பிட இந்த உலகத்துல ஒரு ஆளுதான் இருந்தாரு,” என்றாள் வேலாயி. “வந்தது நீங்க இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க வாயை அவரு இரவல் வாங்கியிருக்காரு. நீங்க குடுத்தீங்களா, அவரா எடுத்துக்கிட்டாரா, எனக்குத் தெரியாது. நான் இன்னும் அமாவாசைக்கு அமாவாசை வைக்கிறேன். இப்ப மண்டோரே கூட வர்றாரு. ஆனா முன்ன மாதிரி காக்கா வர்றதில்ல தம்பி. இலையில சோறு வச்சது வச்சபடி கிடக்குது. தொட்டு வாயில வச்சுப் பாத்தேன். சக்கை. யாரோ தின்னுட்ட மாதிரி.” ஓர் அடி கிட்டே வந்தாள். “நீங்களே ஒரு தடவை சொல்லிருங்க. நான் வரல, அன்னைக்கு நான்தான் மறைச்சேன்னு. எனக்காக இல்ல. உங்க வாய் உங்ககிட்டத் திரும்பி வரணுமில்ல?”

அவன் சரி என்று தலையாட்டினான். சொல்லவில்லை. அலோர் காஜாவில் வாத்தியார் வேலை கிடைத்தது. வேலை நிரந்தரமாகட்டும் என்றான். மளிகைக் கடையில் அவன் போனால் வழி விடுவார்கள். கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள். உண்மையைச் சொன்ன சார் என்றே பேராகிவிட்டது. அந்தப் பேரைக் கேட்கக் கேட்க அவன் மெலிந்துகொண்டே போனான். ஜெயா அவன் சட்டைகளை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பாள், பிடித்துத் தைக்க. நான்கு தடவை பிடித்தேன். என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை.

போன அமாவாசை ராத்திரி. அவர்கள் வீட்டில் அமாவாசை என்றால் இரவு சோறு கிடையாது, இட்லி மட்டும்தான். ஜெயா விழித்துக்கொண்டாள். புளித்த பால் வாடை வீடு முழுக்க. அண்ணன் அறையில் சத்தம். சப்... சப்... மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். மல்லாந்து படுத்துத் தூங்குகிறான். தாடை மட்டும் மென்றுகொண்டிருக்கிறது. தொண்டை ஏறி ஏறி இறங்குகிறது. கண்ணோரத்தில் தண்ணீர் வழிகிறது. தூக்கத்திலேயே அழுகிறான், மெல்லுவதை நிறுத்த முடியாமல்.

எழுப்பினாள். இரண்டு பேரும் விடியும்வரை கட்டிக்கொண்டு அழுதார்கள். “இப்பவே போயி அப்பாகிட்டச் சொல்லுண்ணே,” என்றாள் ஜெயா. “வேலை போனா போகட்டும்.”

“சொல்லிடறேன்,” என்றான். இந்தத் தடவை பொய்யில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு நேரே எழுந்து போனான்.

வெளி வராந்தாவில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலைக் கணக்குச் சொல்ல இருளாண்டி மண்டோரும் வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று ஜெயா நினைத்தாள். கணேசமூர்த்தி அவர்கள் முன்னால் போய் நின்றான். கையைக் கட்டிக்கொண்டான்.

“அப்பா... வேலாயி அக்காவ வெளிய கொண்டுவந்தது நான்...”

அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்தான்.

தாடை பக்கவாட்டில் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. அவன் கண் பிதுங்கியது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். தாடை நிற்கவில்லை... சப்... சப்...

“தெரியும்ப்பா, நீதான் கொண்டுவந்தே. ஊருக்கே தெரியும்,” என்று அப்பா பெருமையாகச் சிரித்தார்.

கணேசமூர்த்தி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வாயைப் பொத்தினான். விரல் இடுக்கு வழியாகச் சோறு பிதுங்கி வந்து அவன் மார்பில் விழுந்தது. வெள்ளைச் சோறு, அதில் ஒட்டிய வாழையிலைக் கிழிசல். ஆவி பறந்தது.

வீட்டில் இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை.